பைகானூரில் நொறுங்கிய ஏவுதளமும் நிலவை எட்டாத நிலவுக்கலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1969 ஜூலை என்றதும் எல்லோருக்கும் அப்போலோ 11 ஞாபகம் வரும். அது கிளம்புவதற்கு 13 நாள் முன்பு, இன்றைய கஜகஸ்தானில் இருக்கும் பைகானூரில் சோவியத் யூனியனின் நிலவு ராக்கெட் தன் ஏவுமேடை மீதே விழுந்து வெடித்தது. மேடையை மறுபடி கட்டினார்கள், ராக்கெட்டைத் திருத்தினார்கள், நிலவில் இறங்கும் கலத்தை விண்வெளியிலேயே சோதித்தும் பார்த்தார்கள். அந்தக் கதையைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

சோவியத் யூனியன் நிஜமாகவே நிலவுக்கு ஆள் அனுப்பப் பார்த்ததா?

ஆமாம். அப்படி ஒரு போட்டியில் நாங்கள் இருந்ததே இல்லை என்று அவர்கள் இருபது ஆண்டுகள் சாதித்ததால்தான் இந்தச் சந்தேகம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நிலவில் மனிதனை இறக்கும் திட்டத்துக்கு 1964 ஆகஸ்ட் 3 அன்று அரசாணை வந்தது. நிலவில் ஆளை இறக்குவோம் என்று அமெரிக்க அதிபர் கென்னடி அறிவித்து மூன்று ஆண்டுகள் ஓடியிருந்தன. தாமதமாகக் கிளம்பியதோடு நிற்காமல், வேலையை இரண்டாகவும் பிரித்துக்கொண்டார்கள். புரோட்டான் ராக்கெட்டில் ஏறி நிலவைச் சுற்றிவிட்டுத் திரும்புவது ஒன்று. என்1 ராக்கெட்டில் போய் இறங்குவது இன்னொன்று. முதலாவது ஓரளவு கைகூடியது: 1968 செப்டம்பரில் ஸோண்ட் 5 என்ற ஆளில்லாக் கலம் இரண்டு ஆமைகளை நிலவைச் சுற்றி அழைத்துப் போய் உயிரோடு பூமிக்குக் கொண்டுவந்தது. இந்தப் பக்கத்தில் பேசப்போவது இரண்டாவதைப் பற்றி.

என்1 எவ்வளவு பெரிய ராக்கெட்?

உயரம் சுமார் 105 மீட்டர், அடிப்பகுதியின் அகலம் 17 மீட்டர், எரிபொருள் நிரப்பினால் எடை 2,750 டன்னுக்கு மேல். முதல் கட்டத்தில் மட்டும் 30 என்ஜின்கள்: வெளிவட்டத்தில் 24, நடுவில் 6. கிளம்பும்போது அது தரும் உந்துவிசை அமெரிக்காவின் சாட்டர்ன் 5 தந்ததைவிட அதிகம்.

ஆனால் தூக்கிச் செல்லும் சுமையில் சாட்டர்ன்தான் முந்தியது. அதன் மேல்கட்டங்களில் திரவ ஹைட்ரஜன் எரிந்தது. என்1-ல் எல்லாக் கட்டத்திலும் மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும்தான். பூமியின் தாழ்சுற்றுப்பாதைக்கு என்1 கொண்டுபோகக்கூடியது ஏறக்குறைய 95 டன். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிலவுக்கலம் ஏன் அவ்வளவு ஒடுக்கமாக இருந்தது என்பதற்கான காரணம் இதில் இருக்கிறது.

30 என்ஜின் எதற்கு? பெரியதாக ஐந்து வைத்திருக்கலாமே?

பெரிய என்ஜின் செய்யத் தெரிந்தவர் வாலென்டின் குளுஷ்கோ. அவருக்கும் தலைமை வடிவமைப்பாளர் செர்கெய் கொரோல்யோவுக்கும் எரிபொருள் விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. தொட்டவுடன் தானே பற்றிக்கொள்ளும் நச்சு எரிபொருள்களே சரி என்றார் குளுஷ்கோ. மனிதர் ஏறும் ராக்கெட்டில் அந்த விஷம் வேண்டாம் என்றார் கொரோல்யோவ். ஸ்டாலின் காலக் கைதுகளில் தொடங்கிய பழைய மனக்கசப்பும் இருவருக்குள்ளும் இருந்தது. கடைசியில் கொரோல்யோவ் போனது குய்பிஷெவ் நகரில் (இன்றைய சமாரா) விமான என்ஜின் செய்துகொண்டிருந்த நிகோலாய் குஸ்னெத்சோவிடம். ராக்கெட்டுக்குப் புதியவரான அவரால் குறித்த காலத்துக்குள் செய்யமுடிந்தது நடுத்தர அளவு என்ஜின்தான். அதனால் 30.

எண்ணிக்கை கூடியதால் மட்டும் திட்டம் தோற்றது என்று சொல்வது சோம்பேறித்தனம். உண்மையான சிக்கல் அந்த 30-ஐயும் ஒன்றாக எங்கே எரித்துப் பார்த்தார்கள் என்பதில் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏவுதளம் எப்படி இருந்தது?

பைகானூரில் 110-ஆம் எண் தளம். வலது, இடது என்று இரண்டு ஏவுமேடைகள், இடையில் அரை கிலோமீட்டர் அளவு தூரம். ஒவ்வொன்றிலும் தண்டவாளத்தில் நகரும் 145 மீட்டர் உயரப் பணிக்கோபுரம், 180 மீட்டர் உயரத்தில் இரண்டு இடிதாங்கிக் கோபுரங்கள், மேடைக்குக் கீழே தீப்பிழம்பை மூன்று பக்கமாகப் பிரித்து வெளியேற்றும் பள்ளங்கள், அதற்கும் கீழே நிலவறைகள். ஏவுதளங்களின் தலைமை வடிவமைப்பாளர் விளாதிமிர் பார்மின். மண் தோண்டிக் கான்கிரீட் போட்டதெல்லாம் ராணுவக் கட்டுமானப் படையினர்.

ராக்கெட்டின் கீழ்க்கட்டங்கள் ரயிலில் ஏற்றமுடியாத அளவு பெரியவை. அதனால் தொழிற்சாலையையே பாலைவெளிக்குக் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் 112-ஆம் தளத்தில் ஒரு பிரம்மாண்டக் கூடம் கட்டி, குய்பிஷெவிலிருந்து துண்டுகளாக வந்த தகடுகளை அங்கேயே பற்றவைத்து ராக்கெட் ஆக்கினார்கள். படுத்த நிலையிலேயே ராக்கெட் முழுமையாகும். இணையாகப் போகும் இரண்டு தண்டவாளப் பாதைகளில் டீசல் என்ஜின்கள் அதை மேடைக்கு இழுத்துப் போகும், அங்கே நிமிர்த்துவார்கள்.

1969 ஜூலை 3 இரவு என்ன நடந்தது?

என்1-க்கு அது இரண்டாவது முயற்சி. முதலாவது பிப்ரவரி 21-இல். 69 விநாடி பறந்து, வால்பகுதியில் தீப்பிடித்து என்ஜின்கள் அணைந்து விழுந்திருந்தது. அதில் மேடைக்குப் பெரிய சேதம் இல்லை.

ஜூலை 3, மாஸ்கோ நேரப்படி இரவு 11:18. ராக்கெட் மேடையை விட்டுக் கிளம்பக் கால் விநாடி இருந்தபோது எட்டாம் எண் என்ஜினின் ஆக்சிஜன் பம்ப் வெடித்தது. ஏதோ ஓர் உலோகத் துண்டு உள்ளே போய்ச் சிக்கியது என்பது விசாரணையில் சொல்லப்பட்ட காரணம். பம்ப் தானாகவே வெடித்திருக்கமுடியாது என்று என்ஜின் தரப்பும், வெடித்ததே அதுதான் என்று ராக்கெட் தரப்பும் பிறகு நெடுநாள் மல்லுக்கட்டின.

என்ஜின்களைக் கண்காணிக்க கோர்ட் என்ற தானியங்கி ஏற்பாடு இருந்தது. ஓர் என்ஜின் பழுதானால் அதற்கு நேரெதிரே இருப்பதையும் சேர்த்து அணைத்துச் சமநிலையைக் காப்பாற்றுவது அதன் வேலை. அன்று வெடிப்பில் கம்பிகளும் பக்கத்து என்ஜின்களும் சேதமாகிவிட, கோர்ட் ஒரே ஒரு என்ஜினை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அணைத்தது. சுமார் 200 மீட்டர் ஏறியிருந்த ராக்கெட் அப்படியே சரிந்து, கிளம்பிய 23-ஆவது விநாடியில், ஏறக்குறைய நிறைந்த தொட்டிகளோடு வலது மேடை மீது விழுந்தது.

உச்சியில் இருந்த தப்பிக்கும் ராக்கெட் மட்டும் சொன்ன வேலையைச் செய்தது. விழுவதற்குள் ஆளில்லாத கலத்தைப் பிய்த்துக்கொண்டு தள்ளிப்போய் இறக்கியது.

அணுகுண்டுக்குச் சமமான வெடிப்பு என்கிறார்களே?

தொட்டியில் இருந்த மொத்த எரிபொருளின் ஆற்றலையும் டிஎன்டி வெடிமருந்துக் கணக்கில் மாற்றி எழுதுவதால் வரும் மிகை அது. எரிபொருளில் 85 விழுக்காடு அளவு வெடிக்கவே இல்லை என்று பின்னால் கணக்கிட்டார்கள். அதற்காகச் சின்ன விபத்து என்று நினைத்துவிட வேண்டாம். மேடையும் அதன் கீழிருந்த அறைகளும் சிதைந்தன, ஓர் இடிதாங்கிக் கோபுரம் சாய்ந்தது, பணிக்கோபுரம் தண்டவாளத்தை விட்டு நகர்ந்தது, உடைந்த துண்டுகள் பல கிலோமீட்டர் தள்ளிப் போய் விழுந்தன.

எத்தனை பேர் இறந்தார்கள்?

ஒருவரும் இறக்கவில்லை. எரிபொருள் நிரப்பும் முன்பே ஆட்களை அப்புறப்படுத்தியிருந்தார்கள். பலர் இதை 1960 அக்டோபர் 24 விபத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அது ஆர்-16 ஏவுகணை. மேடையைச் சுற்றி ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தபோதே பற்றியெரிந்து, ஏவுகணைப் படைகளின் தலைவர் மார்ஷல் நெடலின் உட்படப் பலர் மாண்டார்கள். 1969-இல் மேடை காலியாக இருந்ததற்கு அந்தப் பாடமும் ஒரு காரணம்.

அமெரிக்காவுக்குத் தெரியுமா?

தெரியும். உளவுச் செயற்கைக்கோள் படங்களில் இரண்டு மேடைகளில் ஒன்று கருகிக் கிடப்பது பளிச்சென்று தெரிந்தது. சோவியத் மக்களுக்குத்தான் தெரியாது.

இடது மேடை நன்றாகத்தானே இருந்தது? அடுத்த முயற்சிக்கு ஏன் இரண்டு வருடம்?

நல்ல கேள்வி. அடுத்த இரண்டு ஏவல்களும் இடது மேடையிலிருந்துதான் நடந்தன. ஆனால் இரண்டு மேடைகளுக்கும் பொதுவான எரிபொருள், மின்சார, கட்டுப்பாட்டு ஏற்பாடுகள் இருந்தன, வெடிப்பின் அதிர்வு பக்கத்து மேடையையும் விட்டுவைக்கவில்லை. சிதைந்ததை அகற்றி மறுபடி கட்ட ஒன்றரை ஆண்டு போல ஆனது. கோடையில் அனல், குளிர்காலத்தில் உறைபனி என்று இருக்கும் கஜகஸ்தான் புல்வெளியில் அவ்வளவு கான்கிரீட்டையும் இரும்பையும் அந்த வேகத்தில் எழுப்பியது லேசான காரியம் இல்லை. என்1 கதையில் அந்தக் கட்டுமானப் படைக்கு உரிய பாராட்டை யாரும் கொடுப்பதில்லை.

இடைப்பட்ட காலத்தில் ராக்கெட்டையும் சும்மா விடவில்லை. பம்புகளுக்குள் குப்பை போகாமல் வடிகட்டிகள் வைத்தார்கள். தீயணைக்க ஃப்ரியான் வாயு பாய்ச்சும் ஏற்பாடு வந்தது. கம்பிகளை வெப்பம் படாத இடத்துக்கு மாற்றினார்கள்.

முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு: கிளம்பியபின் முதல் 50 விநாடிகளுக்கு என்ஜின்களை அணைக்கக்கூடாது என்று கட்டுப்பாட்டில் எழுதினார்கள். ராக்கெட் எப்படியாவது தொலைவில் போய் விழட்டும், மேடை தப்பட்டும் என்ற ஏற்பாடு. ராக்கெட் விழத்தான் போகிறது என்பதை ஏற்றுக்கொண்டு எழுதிய விதி இது. எனக்கு அந்தத் திட்டத்தின் மொத்த நிலைமையும் இந்த ஒரு விதியில் தெரிகிறது.

ஏன் தரையில் வைத்து எரித்துப் பார்க்கவில்லை?

இங்கேதான் இருக்கிறது விவகாரம். அமெரிக்கர்கள் சாட்டர்ன் 5-இன் ஒவ்வொரு முதல் கட்டத்தையும் தரையில் ஒரு பெரிய தாங்குமேடையில் கட்டிவைத்து, ஐந்து என்ஜின்களையும் சேர்த்து எரித்துப் பார்த்த பிறகே அனுப்பினார்கள். என்1-இன் 30 என்ஜின் முதல் கட்டத்துக்கு அப்படி ஒரு சோதனை மேடை கட்டப்படவே இல்லை. பணம் இல்லை, நேரமும் இல்லை. பறக்கவிட்டுப் பார்ப்போம், நாலைந்து தோல்விக்குள் சரியாகிவிடும் என்பது கணக்கு. ஏவுகணை வேலையில் அப்படிச் செய்து பழகியவர்கள்தானே.

போதாக்குறைக்கு, அந்த என்ஜின்களின் சில வால்வுகள் ஒரே ஒரு முறைதான் திறக்கும். எரித்துச் சோதித்த என்ஜினை ராக்கெட்டில் பொருத்தமுடியாது. ஆறு என்ஜின் கொண்ட தொகுதியில் இரண்டை எரித்துப் பார்ப்பார்கள்; அவை சரியாக இருந்தால் மீதி நான்கும் சரி என்று வைத்துக்கொள்வார்கள். ராக்கெட்டில் ஏறிய என்ஜின் ஒவ்வொன்றும் முதன்முதலாக எரிந்தது ஏவுமேடையில்தான். பல ஆண்டு உழைப்பில் கட்டிய ஏவுதளத்தையே சோதனை மேடையாக்கினால், சோதனை தோற்கும் அன்று ஏவுதளமும் போகும். போனது.

நிலவில் இறங்கும் கலம் எப்படி இருந்தது?

எல்கே என்று பெயர். உயரம் 5 மீட்டருக்குச் சற்று மேல், எடை ஐந்தரை டன். உள்ளே ஒரே ஒருவர், அதுவும் நின்றபடி. அப்போலோவின் தரையிறங்கு கலம் 15 டன் இருந்தது, இரண்டு பேர் போனார்கள். மேலே சொன்ன 95 டன் வரம்பு இப்படித்தான் வந்து கடித்தது.

பயணத் திட்டம் இப்படி: எல்ஓகே என்ற தாய்க்கலத்தில் இருவர் நிலவின் சுற்றுப்பாதைக்குப் போவார்கள். தாய்க்கலத்துக்கும் எல்கே-க்கும் இடையே உள்வழி கிடையாது, அதற்கும் எடை வரம்பில் இடமில்லை. ஆகவே ஒருவர் விண்வெளி உடையில் வெளியே வந்து, கலத்தின் மேற்புறமாகவே நகர்ந்து போய் எல்கே-க்குள் நுழையவேண்டும். பிளாக் டி என்ற ராக்கெட் கட்டம் இறக்கத்தின் பெரும்பகுதியைச் செய்துவிட்டு, தரைக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது கழன்று விழும். மிச்ச தூரத்துக்கு எல்கே தன் சொந்த என்ஜினைப் பற்றவைத்து இறங்கும். திரும்பிக் கிளம்புவதும் அதே என்ஜினில்தான், ஆகவே மாற்று என்ஜின் ஒன்றும் கூடவே இருந்தது. அந்த என்ஜின் தொகுதி உக்ரைனில் ராக்கெட் வடிவமைப்பாளர் யாங்கெலின் குழு செய்தது. நிலவில் கால்வைத்துவிட்டுச் சுற்றுப்பாதைக்குத் திரும்பியதும் மறுபடி அதே போல வெளியே வந்து தாய்க்கலத்துக்கு நகரவேண்டும், கையில் நிலவுப் பாறைகளோடு.

இறங்குவதற்கு முதல் ஆளாகப் பேசப்பட்டவர் அலெக்ஸி லியோனோவ், 1965-இல் உலகிலேயே முதன்முதலாக விண்வெளியில் மிதந்தவர். என்ஜினை அணைத்துவிட்டு ஹெலிகாப்டரை இறக்கிப் பழகியது அவருடைய பயிற்சிகளில் ஒன்று.

எல்கே ஒருமுறையாவது பறந்ததா?

மூன்று முறை! ஆளில்லாமல், பூமியின் சுற்றுப்பாதையில். 1970 நவம்பர் 24-இல் காஸ்மோஸ் 379, 1971 பிப்ரவரி 26-இல் காஸ்மோஸ் 398, 1971 ஆகஸ்ட் 12-இல் காஸ்மோஸ் 434. கால்கள் இல்லாத எல்கே-யை சோயுஸ் வகை ராக்கெட்டில் அனுப்பி, நிலவில் இறங்குவது போலவும் கிளம்புவது போலவும் என்ஜினை இயக்கிப் பார்த்தார்கள். மூன்றும் வெற்றி. ராக்கெட்டை நம்பிக் காத்திருக்காமல் கலத்தைத் தனியாகச் சோதித்த இந்த வழி, மொத்தத் திட்டத்திலேயே புத்திசாலித்தனமான காரியம் என்பேன். ராக்கெட் தரப்புக்கு இதே பொறுமை இருந்திருக்கலாம்.

காஸ்மோஸ் 434-க்கு ஒரு பின்கதை உண்டு. 1981 ஆகஸ்டில் அது ஆஸ்திரேலியா பக்கம் விழப்போகிறது என்று தெரிந்ததும் பயம் கிளம்பியது. மூன்று ஆண்டுக்கு முன்தான் அணு உலையோடு ஒரு சோவியத் செயற்கைக்கோள் கனடாவில் விழுந்திருந்தது. இதில் அணு எரிபொருள் ஏதும் இல்லை, இது சோதனைக்கான ஒரு நிலவுக்கலம்தான் என்று சோவியத் தரப்பு சமாதானம் சொன்னது. இல்லவே இல்லை என்று மறைத்த திட்டத்தைத் தாங்களாகவே ஒப்புக்கொண்டதாக ஆகிவிட்டது.

மேடை தயாரான பிறகு நடந்த ஏவல்கள்?

1971 ஜூன் 27: கிளம்பியதும் ராக்கெட் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளத் தொடங்கியது. 30 என்ஜின்களின் பிழம்பும் அடியில் உண்டாக்கிய காற்றுச் சுழலைக் கட்டுப்பாட்டு என்ஜின்களால் எதிர்க்கமுடியவில்லை. 51-ஆவது விநாடியில் என்ஜின்கள் அணைந்தன. 50 விநாடி விதி வேலை செய்தது, மேடை தப்பியது.

1972 நவம்பர் 23: இதுதான் நெருங்கி வந்தது. 107 விநாடி, 40 கிலோமீட்டர் உயரம். முதல் கட்டம் கழலச் சில விநாடிகளே இருக்கும்போது, திட்டப்படி நடு ஆறு என்ஜின்களை அணைத்தார்கள். குழாய்களில் ஓடிய எரிபொருள் திடீரென்று நின்றதால் எழுந்த அதிர்ச்சியில் குழாய் கிழிந்து வெடித்தது. பலமுறை எரித்துச் சோதிக்கக்கூடிய புதிய என்ஜின்களோடு அடுத்த ராக்கெட்டுகள் 1974-க்குத் தயாராயின. அந்த ஆண்டு மே மாதம், கொரோல்யோவுக்குப் பின் பொறுப்பேற்றிருந்த வாசிலி மிஷினை நீக்கிவிட்டு குளுஷ்கோவை அமர்த்தினார்கள். அவர் முதல் வேலையாக என்1-ஐ நிறுத்தினார். தயாராக நின்றவற்றை ஒருமுறை ஏவியாவது பார்த்திருக்கலாம் என்று அங்கே வேலை செய்தவர்கள் கடைசிவரை சொன்னார்கள்.

கட்டிய ஏவுதளம் என்ன ஆனது?

மூன்றாவது முறை மாற்றிக் கட்டப்பட்டது, இந்தத் தடவை எனர்ஜியா ராக்கெட்டுக்கும் புரான் விண்ணோடத்துக்கும். 1988 நவம்பர் 15-இல் புரான் ஆளில்லாமல் கிளம்பியது அந்த இடது மேடையிலிருந்துதான், பூமியை இரண்டு சுற்று சுற்றிவந்து இறங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு எனர்ஜியாவின் முதல் பயணம் வேறொரு இடத்தில் தொடங்கியது: ராக்கெட்டைக் கட்டிவைத்து எரித்துச் சோதிக்கவும், தேவைப்பட்டால் ஏவவும் என்று இரண்டுக்குமாகக் கட்டிய 250-ஆம் தளம். என்1-க்கு மறுக்கப்பட்டது அடுத்த ராக்கெட்டுக்குக் கிடைத்தது. எனர்ஜியா பறந்த இரண்டு தடவையும் ராக்கெட் சொதப்பவில்லை.

112-ஆம் தளக் கூடத்தின் கூரை 2002 மே 12-இல் இடிந்து விழுந்தது. கூரையில் வேலை செய்துகொண்டிருந்த 8 பேர் இறந்தார்கள். உள்ளே நின்ற, 1988-இல் பறந்த புரானும் நொறுங்கியது.

என்1-இலிருந்து எதுவுமே மிஞ்சவில்லையா?

நிறைய மிஞ்சியது. தொட்டிகளின் அரைக்கோளங்கள் பைகானூரில் நிழற்கூடங்களாகவும் பன்றிக் கொட்டில்களாகவும் ஆயின. பிளாக் டி பல பத்தாண்டுகள் புரோட்டான் ராக்கெட்டின் மேல்கட்டமாக உழைத்தது. நிலவில் நடக்கத் தைத்த உடை, முதுகுப்புறக் கதவைத் திறந்து உள்ளே நுழையும் வகை. அதே ஏற்பாட்டோடு வந்த ஓர்லான் உடையைத்தான் ரஷ்ய விண்வெளி வீரர்கள் இன்றும் போட்டுக்கொண்டு வெளியே போகிறார்கள்.

என்ஜின்களை அழிக்கச் சொல்லி உத்தரவு. குஸ்னெத்சோவ் அழிக்காமல் ஒளித்துவைத்தார். 1990-களில் அவற்றில் சில அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு விற்பனையாகி, புதுப்பிக்கப்பட்டு அன்டாரிஸ் ராக்கெட்டில் ஏறின. 2014 அக்டோபர் 28-இல் வர்ஜீனியாவின் வாலப்ஸ் தீவில் கிளம்பிய சில விநாடிகளில் அப்படி ஒரு என்ஜினின் ஆக்சிஜன் பம்ப் வெடித்து, ராக்கெட் மேடையருகே விழுந்தது. அந்த மேடையைப் பழுதுபார்க்க ஓர் ஆண்டு போல ஆனது.

இந்தியாவுக்கு இதில் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, பலருக்குத் தெரியாது. என்1-இன் மேம்பட்ட வடிவத்துக்காக திரவ ஹைட்ரஜனில் எரியும் மேல்கட்ட என்ஜின் ஒன்றை 1960-களில் என்ஜின் வடிவமைப்பாளர் இசாயெவின் குழு உருவாக்கிவந்தது. என்1-இல் அது பறக்கவே இல்லை. அதன் வழிவந்த கேவிடி-1 என்ஜினைத்தான் இஸ்ரோ ரஷ்யாவிடம் வாங்கியது. தொழில்நுட்பத்தையும் சேர்த்துத் தருவதாக இருந்த ஒப்பந்தத்தை அமெரிக்கா 1993-இல் தடுத்துவிட, செய்துமுடித்த கட்டங்கள் மட்டும் வந்தன. 2001 ஏப்ரல் 18-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய முதல் ஜிஎஸ்எல்வி-யில் அது முதன்முதலாகப் பறந்தது. பிறகு அதை ஒட்டி இந்தியாவே சொந்தமாக ஒரு கிரையோஜெனிக் (கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும்) என்ஜினைச் செய்து, திருநெல்வேலிப் பக்கம் மகேந்திரகிரியில் திரும்பத் திரும்ப எரித்துப் பார்த்து, 2014 ஜனவரி 5-இல் வெற்றிகரமாகப் பறக்கவிட்டது.

உலகத்துக்கு எப்போது தெரிந்தது? எல்கே-யைப் பார்க்கமுடியுமா?

1989-இல், கோர்பச்சேவ் காலத்தில். மாஸ்கோ விமானவியல் கல்லூரிக்குப் போன அமெரிக்கப் பேராசிரியர்கள் சிலருக்கு அங்கே மாணவர்களின் படிப்புக்காக வைத்திருந்த எல்கே-யைக் காட்டினார்கள். அந்த டிசம்பரிலேயே செய்தி உலகப் பத்திரிகைகளுக்கு வந்துவிட்டது. பறக்காமல் மிஞ்சிய எல்கே-கள் இன்றும் ரஷ்யாவின் கல்வி நிறுவனங்களிலும் விண்வெளி அருங்காட்சியகங்களிலும் நிற்கின்றன. 2015-இல் ஒன்றை லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்ச் சில மாதம் காட்சிக்கு வைத்தார்கள். பைகானூருக்குச் சுற்றுலா போகலாம், ஆனால் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும். ககாரின் கிளம்பிய மேடையும் அருங்காட்சியகமும் பார்க்கக் கிடைக்கும். கைவிடப்பட்டு நிற்கும் 110-ஆம் தளம் வழக்கமான சுற்றுலாவில் சேராது.